சவரம் செய்த தோல் ஏன் எரிகிறது? மலையகத்துக் குளிரையும் கருத்திற்கொண்டு ஒரு விளக்கம்

சவரம் செய்த மறுநாள் கழுத்தில் சிவப்பும் அரிப்பும் சிறு கொப்புளங்களும் தோன்றினால், "பிளேட் ஒத்துக்கொள்ளவில்லை" என்றுதான் நம்மிற் பெரும்பாலோர் முடிவு செய்கிறோம். அடுத்து பிளேட்டை மாற்றுகிறோம், அல்லது நகரத்துப் பாமசியில் பெயர் சொல்லி ஒரு குழம்பை வாங்கிப் பூசுகிறோம். அது ஒருவருக்கு இரண்டு நாளில் சுகம் தருகிறது. அதே குழம்பு இன்னொருவரின் முகத்தில் புண்ணைப் பரப்புகிறது. இந்த முரண்பாட்டுக்குக் காரணம் உண்டு. சவரத்துக்குப் பின் தோன்றும் சிவப்பு ஒரே நோய் அன்று. குறைந்தது நான்கு வெவ்வேறு நிலைகள் ஏறத்தாழ ஒரே தோற்றத்தில் வருகின்றன. ஒன்றுக்கு மருந்தாவது மற்றொன்றுக்குக் கேடாகிறது. அவற்றைப் பிரித்தறியவும், பெரும்பாலானவற்றைப் பிளேட் படும் முன்னரே தவிர்க்கவும் தேவையான அடிப்படைகள் இங்கே விளக்கப்படுகின்றன.

பிளேட் எதை வெட்டுகிறது?

தோலின் மிக வெளிப்புறத்தில் இருப்பது இறந்த உயிரணுக்கள் அடுக்கடுக்காகப் படிந்த ஒரு மெல்லிய படலம். இதைக் கொம்புப் படலம் என்பார்கள். முகத்தில் இதன் தடிப்பு ஒரு மில்லிமீற்றரின் நூறில் ஓரிரு பங்குதான். செங்கற்களுக்கு இடையே சாந்து பூசியது போல இந்த உயிரணுக்களுக்கு இடையே கொழுப்புப் பொருள் நிரம்பியிருக்கிறது. உடலின் நீர் வெளியே ஆவியாகாமலும், வெளியிலுள்ள கிருமியும் இரசாயனமும் உள்ளே நுழையாமலும் காப்பது இதுவே. இப்படலத்தின் மேற்பரப்பு சற்று அமிலத் தன்மை உடையது, அதன் பி.எச். பெறுமானம் (7க்குக் கீழே அமிலம், மேலே காரம்) ஏறத்தாழ 5. சாதாரணக் குளியல் சவர்க்காரத்தின் பி.எச். 9 முதல் 10 வரை இருக்கும்.

சவரம் செய்யும்போது பிளேட் மயிரை மட்டும் வெட்டுவதில்லை. கொம்புப் படலத்தின் ஒரு பகுதியையும் அது சுரண்டி எடுக்கிறது. மயிர்க்காலின் வாய் சற்றே மேடாக இருப்பதால் அந்த மேட்டின் நுனியும் சீவப்படுகிறது. முகம் பார்க்கும் கண்ணாடியில் தெரியாத இந்தச் சிராய்ப்புகள் நூற்றுக்கணக்கில் இருக்கலாம். சவர்க்காரத்தின் காரத்தன்மை ஏற்கனவே கொழுப்பைக் கரைத்துவிட்டிருந்தால் சிராய்ப்பு இன்னும் ஆழமாகும். சவரம் முடிந்ததும் நீரோ வியர்வையோ பட்டால் எரிவது இதனால்தான்.

ஒரே தோற்றம், வெவ்வேறு காரணங்கள்

1. சவர எரிவு. சவரம் செய்த சில நிமிடங்களிலிருந்து சில மணி நேரத்துக்குள் தோன்றும் பரவலான சிவப்பு. எரிச்சலும் இறுக்கமும் இருக்கும், சீழ் இருக்காது. மேலே சொன்ன சிராய்ப்பின் நேரடி விளைவு இது. தோலைத் தொந்தரவு செய்யாமல் விட்டால் பெரும்பாலும் ஓரிரு நாளில் தானாகவே தணியும்.

2. உள்வளர் மயிர். உடனே வராது, ஓரிரு நாள் கழித்து, வெட்டிய மயிர் வளரத் தொடங்கும்போது தலைகாட்டும். கூரிய நுனியோடு வெட்டப்பட்ட சுருண்ட மயிர் வளைந்து மீண்டும் தோலுக்குள் குத்துகிறது, அல்லது வெளியே வராமலே மயிர்க்காலின் பக்கச் சுவரைத் துளைக்கிறது. உடல் அதை வெளியிலிருந்து வந்த முள்ளாகக் கருதி எதிர்வினை ஆற்றுகிறது. கடினமான சிறு முடிச்சுகள், குறிப்பாகத் தாடைக்குக் கீழும் கழுத்திலும், இதன் அடையாளம். கூர்ந்து பார்த்தால் நடுவில் வளைந்த மயிர் தெரியும். அவை ஆறிய இடத்தில் நீண்ட நாள் கரும்புள்ளி நிற்கும். சுருட்டை மயிர் உள்ளவர்களுக்கு இது கூடுதலாக வருகிறது.

3. மயிர்க்கால் அழற்சி. சிராய்ப்பின் வழியே பாக்டீரியா, பெரும்பாலும் தோலிலும் மூக்குத் துவாரத்திலும் இயல்பாகவே வாழும் ஸ்டபைலோகொக்கஸ் வகை, மயிர்க்காலுக்குள் புகுவதால் வருவது. ஒவ்வொரு மயிரையும் சுற்றி மஞ்சள் நுனியுடன் சீழ்க் கொப்புளம் தோன்றும், தொட்டால் வலிக்கும்.

4. தாடிப் படர்தாமரை. இது பூஞ்சணத் தொற்று. ஒரு பக்கத்தில் தொடங்கி வட்டமாகவோ திட்டாகவோ பரவும், செதில் உதிரும், அவ்விடத்து மயிரை மெல்ல இழுத்தாலே வலியின்றிக் கழன்று வரும். மாடு, கன்றுகளின் தோலிலிருந்தும் மனிதனுக்குத் தொற்றும் ஒரு வகைப் பூஞ்சணம் தாடிப் பகுதியில் கடுமையான வீக்கத்தையே உண்டாக்கும். லயத்துக்கு (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளுக்கு) அருகில் தொழுவம் வைத்துப் பால் கறப்பவர்கள் அதிகமுள்ள நமது பகுதியில் இதை மறந்துவிடக் கூடாது.

"அலர்ஜி" என்று நாம் சொல்லும் உண்மையான ஒவ்வாமையும் உண்டு. ஆனால் அதற்குப் பிளேட்டின் உருக்கு காரணமாவது அரிது. கிரீமிலும் சவரத்துக்குப் பின் பூசும் திரவங்களிலும் உள்ள வாசனைப் பொருட்களும் பதப்படுத்திகளுமே பெரும்பாலும் காரணம். பிளேட் படாத கன்னத்து மேட்டிலும் காதுமடலிலும் கூட அரிப்பு வந்தால் இதைச் சந்தேகிக்கலாம்.

மலைநாட்டில் எரிச்சல் கூடுவது ஏன்?

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் உள்ளது. ஆண்டுச் சராசரி வெப்பநிலை 16 பாகை செல்சியசை ஒட்டியது. சனவரி, பெப்ரவரி விடியற்காலைகளில் தேயிலைக் கொழுந்தைக் கருக்கும் அளவுக்கு உறைபனி விழுவதும் உண்டு. அட்டன், தலவாக்கலை, பண்டாரவளை ஆகியவை உயரத்தில் குறைந்தவை என்றாலும் காலை நீர் கையை விறைக்க வைக்கும். இந்தக் குளிர் சவரத்தை மூன்று வழிகளில் கெடுக்கிறது.

முதலாவது, நீரின் வெப்பநிலை. மயிர் நீரை உறிஞ்சி உப்பும்போது மென்மையாகிறது. உலர்ந்த மயிரைவிட ஊறிய மயிரை வெட்ட மிகக் குறைந்த விசை போதும். குளிர்ந்த நீரில் இந்த ஊறல் மெதுவாகவே நடக்கும். பெரட்டுக்கு (காலையில் தோட்டத்தில் வேலை பகிரும் இடத்துக்கு) போகும் அவசரத்தில் பீலித் தண்ணீரை (குழாய் வழியே விழும் ஊற்று நீரை) முகத்தில் அள்ளித் தெளித்து, சவர்க்காரத்தைத் தேய்த்து, உடனே ரேசரை வைப்பவர் உண்மையில் ஈரமான தோலின் மேல் உலர்ந்த மயிரை அறுக்கிறார். பிளேட் மயிரைச் சீவுவதற்குப் பதிலாக இழுக்கிறது; இழுக்கும்போது தோலும் மேலெழுந்து பிளேட்டுக்குள் சிக்குகிறது.

இரண்டாவது, காற்று. குளிர்ந்த காற்று குறைந்த அளவு நீராவியையே தாங்கும். மழையும் மூடுபனியும் சூழ்ந்த மாதங்களில் இது தெரியாவிட்டாலும், ஆண்டுத் தொடக்கத்தின் வெயில் நாட்களிலும், தென்மேற்குப் பருவக் காலத்தில் ஊவாப் பக்கம் வீசும் வறண்ட காற்றிலும் தோல் பிளப்பதை எல்லோரும் அறிவர். ஏற்கனவே வறண்டு விறைத்த கொம்புப் படலம் பிளேட்டுக்கு எளிதில் உரிந்து கொடுக்கும்.

மூன்றாவது, மயிர்க்கூச்சு. குளிரில் கை கால்களின் மயிர்க்கால்கள் புடைத்து நிற்கும். அந்த நிலையில் சவரம் செய்தால் பிளேட் முதலில் சீவுவது அந்தப் புடைப்பின் தலையைத்தான்.

நமக்கு ஒரு சாதகமும் உண்டு. மலை ஓடைகளிலும் பீலிகளிலும் வருவது பொதுவாக மென்னீர். யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் நிலத்துக் கிணற்று நீரில் நுரை எழுப்பப் படும் பாடு இங்கே இல்லை. ஆகவே நல்ல நுரைக்கு விலையுயர்ந்த கிரீம் அவசியமில்லை. தேவைப்படுவது சூடும் சிறிது நேரமும்தான்.

பிளேட் படுவதற்கு முன்

சவர எரிவைத் தவிர்க்கும் வேலையின் பெரும்பகுதி இந்தச் சில நிமிடங்களில் முடிந்துவிடுகிறது. பின்னால் பூசும் எந்தப் பொருளும் இந்த நிமிடங்களுக்கு ஈடாகாது என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் நாம் செலவழிப்பதெல்லாம் பின்னால் பூசும் பொருட்களுக்கே.

சவரத்துக்குச் சிறந்த வேளை குளித்து முடித்த உடனே. அது முடியாவிட்டால், தேநீருக்குக் கேத்தலில் கொதிக்கும் நீரில் ஒரு கோப்பையைக் குளிர்நீரோடு கலந்து, கை பொறுக்கும் இளஞ்சூட்டில் சிறு துவாயை நனைத்துப் பிழிந்து, தாடியின் மேல் 2 அல்லது 3 நிமிடம் வைத்திருந்தால் போதும். நீர் கொதிக்கக் கொதிக்க இருக்கக் கூடாது. அது தோலின் கொழுப்பைக் கழற்றி நிலைமையை மோசமாக்கும்.

அடுத்து நுரை. சவரக் கிரீமோ, சவரத்துக்கென்று விற்கும் சவர்க்காரமோ இருப்பின் நல்லது. இவை மயிரின் நீரை ஆவியாகாமல் பிடித்து வைப்பதோடு பிளேட்டுக்கும் தோலுக்கும் இடையே வழுக்கும் படலமாகவும் நிற்கின்றன. துணி துவைக்கும் சவர்க்காரத்தை ஒருபோதும் முகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. நுரையைப் பூசிய பின் இன்னொரு நிமிடம் காத்திருப்பது நன்று. தேங்காய் எண்ணெயை நுரைக்குக் கீழே ஓரிரு துளி பூசுவதால் வழுக்கல் கூடும் என்பது உண்மை; பருவோ சீழ்க் கொப்புளமோ அடிக்கடி வருபவர்கள் அதைத் தவிர்க்க வேண்டும், மயிர்க்கால்களை அது அடைக்கக் கூடும்.

விரதத்துக்காகத் தாடி வளர்த்தவர்கள் தனியாகக் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. ஐயப்பன் மாலையைக் கழற்றிய அன்றே நீண்ட தாடியின் மேல் நேரே ரேசரை வைப்பவர்களுக்கு எரிவு நிச்சயம். முதலில் கத்தரிக்கோலாலோ மின் டிரிம்மராலோ ஒட்ட வெட்டி, பிறகு ஊறவைத்துச் சவரம் செய்ய வேண்டும்.

பிளேட்டும் அது செல்லும் திசையும்

மயிர் எல்லா இடத்திலும் ஒரே திசையில் வளர்வதில்லை. கன்னத்தில் பொதுவாகக் கீழ்நோக்கி வளரும். கழுத்திலோ பலருக்கு மேல்நோக்கியோ பக்கவாட்டிலோ சுழித்தோ வளரும். இரண்டு நாள் தாடியோடு விரலால் தடவிப் பார்த்தால் வழுவழுப்பாகச் செல்லும் திசையே மயிரின் போக்கு. பிளேட் அந்தப் போக்கில்தான் செல்ல வேண்டும். எதிர்த்திசையில் இழுத்தால் வழவழப்பு ஒரு நாள் கூடுதலாக நீடிக்கும். உள்வளர் மயிர் உள்ளவருக்கு அந்த ஒரு நாளின் விலை இரண்டு வாரப் புண்.

இழுப்புகள் சிறியனவாக இருக்க வேண்டும். அழுத்தக் கூடாது. இடது கையால் தோலை இறுக இழுத்துப் பிடிக்கும் பழக்கத்தை உள்வளர் மயிர் உள்ளவர்கள் விட்டுவிட வேண்டும்: இழுத்த நிலையில் வெட்டிய மயிர், கையை விட்டதும் தோல் மட்டத்துக்குக் கீழே போய்விடுகிறது. பல பிளேட்டுகள் அடுக்கிய ரேசர்களிலும் இதே விளைவு ஏற்படுகிறது. 1971இல் ஜில்லெட் நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்த இரட்டை பிளேட் ரேசரின் தத்துவம், முதல் பிளேட் மயிரைச் சற்று வெளியே இழுக்க, அது திரும்பும் முன் அடுத்தது கீழே வெட்டுவது என்பதாகும். வழவழப்பான முகத்துக்கு இது நல்ல உத்தி. சுருட்டை மயிருக்கோ இதுவே கெடுதி. அத்தகையவர்கள் ஒற்றை பிளேட்டுக்கோ, 1 மில்லிமீற்றர் அளவு விட்டு வெட்டும் டிரிம்மருக்கோ மாறுவதே நல்லது.

மயிரைவிட உருக்கு பல மடங்கு கடினமானது. இருந்தும் பிளேட் ஏன் மழுங்குகிறது? அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவன ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை தந்தது. மயிர் சாய்ந்து வளையும்போது பிளேட் விளிம்பின் நுண்ணிய பலவீனமான புள்ளிகளில் விசை குவிந்து, அங்கே சிறு சில்லுகள் பெயர்கின்றன. அப்படிப் பல் விழுந்த விளிம்பு மயிரை வெட்டாமல் பிய்க்கிறது. 5 முதல் 7 சவரங்களுக்கு ஒருமுறை பிளேட்டை மாற்றும்படி தோல் மருத்துவர்கள் அறிவுறுத்துகிறார்கள். நமது பகுதியில் இன்னொரு சிக்கலும் சேர்கிறது: மூடுபனிக் காலத்தில் குளியலறையில் வைத்த எதுவும் காய்வதில்லை. ஈரம் நிற்கும் ரேசரில் துருவும் கிருமியும் சேரும். பயன்படுத்தியதும் கழுவி, உதறி, அடுப்படியைப் போன்ற உலர்ந்த இடத்தில் வைப்பது பிளேட்டின் ஆயுளையும் கூட்டும்.

காலைச் சவரத்தை மாலைக்கு மாற்றுவது சிறந்தது என்பது எனது உறுதியான கருத்து. தோட்ட வேலையில் மருந்தடிப்பவர்களுக்கு இது வெறும் வசதி பற்றிய விடயம் அன்று. புதிதாகச் சிராய்த்த தோல் களைகொல்லி, பூச்சிகொல்லித் தூறலை வழக்கத்தைவிட எளிதாக உள்ளே விடும். கவ்வாத்து வெட்டுபவர்களுக்கு (தேயிலைச் செடியைக் கத்தரிப்பவர்களுக்கு) வியர்வையின் உப்பும் தூசியும் அதே காயங்களில் படியும். இரவில் சவரம் செய்தால் தோல் தன்னைச் சீர்செய்து கொள்ள ஓர் இரவு கிடைக்கிறது.

எரிச்சல் வந்த பின்

சவர எரிவுக்குச் செய்ய வேண்டியவை மிகச் சிலவே. குளிர்ந்த நீரில் நனைத்த சுத்தமான துணியை 5 முதல் 10 நிமிடம் வைத்தால் இரத்தக் குழாய்கள் சுருங்கி எரிவு தணியும். இங்கே மட்டும் பீலித் தண்ணீரின் குளிர் நமக்கு உதவி. பிறகு தோல் ஈரமாக இருக்கும்போதே வாசனையற்ற ஈரப்பூச்சோ வாசலினோ மெல்லியதாகப் பூச வேண்டும். வைத்தியசாலைகளில் கிடைக்கும் ஏக்குவஸ் கிரீமைப் பூசி விட்டுவிடாமல் சவர்க்காரத்துக்குப் பதிலாகக் கழுவுவதற்கு மட்டும் பயன்படுத்துவது நல்லது. அதிலுள்ள சோடியம் லோரில் சல்பேற்று சிலருக்கு எரிச்சலைக் கூட்டும். கலமைன் அரிப்பைக் குறைக்கும். முற்றும் தணியும்வரை மறு சவரம் வேண்டாம்.

வீட்டு மருந்துகளில் கற்றாழையின் தெளிந்த சோறு குளிர்ச்சி தரும். மடலை வெட்டியதும் வடியும் மஞ்சள் பாலைக் கழுவிய பின்பே பயன்படுத்த வேண்டும், அந்தப் பால் தோலை உறுத்தும். தேசிக்காய்ச் சாறு கூடாது: அதன் அமிலம் எரிப்பது ஒருபுறமிருக்க, சாறு பட்ட தோலில் வெயில் படும்போது கொப்புளமும் கருமையும் உண்டாகலாம். பற்பசையும் ஆப்பச் சோடாவும் வேண்டாம்.

ஓடிக்கொலோனும் மதுசாரம் கலந்த பிற திரவங்களும் பூசும்போது எரிவதை, கிருமி சாகிறது என்று பலர் நம்புகிறார்கள். மதுசாரம் தோலின் வெப்ப உணர் நரம்பு முனைகளை, உடலின் சாதாரணச் சூட்டையே தீச்சூடாக உணரும்படி மாற்றிவிடுகிறது. எரிவு அதன் விளைவு மட்டுமே. கூடவே அது தோலை வறளச் செய்கிறது. மெந்தோல் தரும் குளிர்ச்சியும் இவ்வாறே நரம்பின் உணர்வு. அது எதையும் ஆற்றுவதில்லை.

உள்வளர் மயிருக்கு மருந்து ஓய்வு. 3 அல்லது 4 வாரம் சவரத்தை நிறுத்தினால் மயிர் நீண்டு தானாகவே வெளிவரும். வெளியே வளையமாகத் தெரியும் மயிரைச் சுத்தமான ஊசியால் மெல்லத் தூக்கி விடலாம். பிடுங்கவோ, தெரியாத மயிரைத் தேடித் தோலைக் கிண்டவோ கூடாது. சீழ்க் கொப்புளங்களுக்கு இளஞ்சூட்டு ஒத்தடம் நாளுக்கு மூன்று முறை கொடுக்கலாம், பிதுக்கக் கூடாது.

கலவைக் குழம்புகளின் ஆபத்து

பாமசிகளில் வைத்தியரின் மருந்துச் சிட்டையின்றிக் கேட்டு வாங்கப்படும் குழம்புகளில் ஒரு வகை, மூன்று மருந்துகளை ஒன்றாகக் கொண்டது: பெட்டமெத்தசோன் அல்லது குளோபெட்டசோல் போன்ற வீரியமுள்ள ஸ்டீரொய்ட், ஒரு பூஞ்சணக் கொல்லி, ஒரு நுண்ணுயிர்க்கொல்லி. எதற்கும் உதவும் என்று தோன்றும். உண்மையில் என்ன நடக்கிறது என்பதைப் படிப்படியாகப் பார்க்க வேண்டும்.

1. ஸ்டீரொய்ட் அழற்சியை அடக்குவதால் ஓரிரு நாளில் சிவப்பு மறைகிறது. நோயாளி மருந்தை நம்புகிறார்.
2. நோய் படர்தாமரையாக இருந்தால், உடலின் எதிர்ப்பு அடங்கிய தோலில் பூஞ்சணம் பரவுகிறது. வட்டமும் செதிலும் மறைந்து வைத்தியருக்கே அடையாளம் தெரியாத உருவத்தைப் பெறுகிறது.
3. குழம்பை நிறுத்தியதும் முன்பைவிடக் கடுமையாகச் சிவக்கிறது. ஆகவே மீண்டும் பூசப்படுகிறது.
4. மாதக்கணக்கில் தொடர்ந்தால் முகத்தோல் மெலிந்து இரத்தக் குழாய்கள் வெளித் தெரிகின்றன, பரு பெருகுகிறது. மெலிந்த தோலைப் பிளேட் இன்னும் எளிதாகக் காயப்படுத்துகிறது.

வெறும் சவர எரிவுக்கு, மிக மெல்லிய 1 சதவீத ஹைட்ரோகோர்ட்டிசோனைச் சில நாட்கள் பயன்படுத்த வைத்தியர் சொல்லலாம். அதற்கு மேற்பட்ட எதையும் முகத்தில் தாமாகப் பூசக் கூடாது. பெயர் தெரியாத வெள்ளைப்படுத்தும் கிரீம்களிலும் இதே ஸ்டீரொய்ட் ஒளிந்திருக்கக் கூடும் என்பதால், அவற்றைப் பூசிய முகத்தில் சவரம் செய்து புண்ணாகும் இளைஞர்கள் வைத்தியரிடம் அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

சலூன் நாற்காலியில்

கல்லீரலைத் தாக்கும் ஹெப்பற்றைற்றிஸ் பி வைரசு உலர்ந்த இரத்தத் துளியில், உடலுக்கு வெளியே, குறைந்தது 7 நாட்கள் தொற்றும் திறனோடு இருக்கும். இலங்கையின் தேசிய தடுப்பூசித் திட்டத்தில் இதற்கான தடுப்பூசி 2003இல்தான் சேர்ந்தது. அதற்கு முன் பிறந்தவர்கள் பலர் பாதுகாப்பின்றி இருக்கலாம். ஹெப்பற்றைற்றிஸ் சி வைரசுக்குத் தடுப்பூசியே இல்லை. எனவே நம் கண்முன் உறையைப் பிரித்த புதுப் பிளேட்டைக் கத்தியில் பொருத்தும்படி கேட்பது வாடிக்கையாளரின் உரிமை. அக்கறையுள்ள சவரத் தொழிலாளர் யாரும் இதைத் தவறாக எடுத்துக்கொள்வதில்லை.

பிளேட் மாறினாலும் படிகாரக் கட்டி மாறுவதில்லை என்பதைப் பலர் கவனிப்பதில்லை. படிகாரம் புரதத்தை உறையச் செய்து சிறு இரத்தக் கசிவை நிறுத்தும். ஆனால் ஒருவரின் கசிவைத் தொட்ட ஈரக் கட்டியே அடுத்தவர் முகத்திலும் தேய்க்கப்படுகிறது. சொந்தமாக ஒரு துண்டுப் படிகாரமும் சிறு துவாயும் கொண்டு செல்வது எளிது. வீட்டிலும் தகப்பனும் மகனும் ஒரே ரேசரைப் பகிரக் கூடாது.

பெண்களும் குழந்தைகளும்

கொழுந்து பறிக்கும் பெண்களுக்கு இடுப்பில் கட்டும் படங்கும் (தடித்த காப்புத் துணியும்) மழையில் நனைந்த துணியும் நாள் முழுதும் தொடையிலும் இடுப்பிலும் உராய்கின்றன. அக்குளில் வியர்வையும் உராய்வும் சேர்கின்றன. இவ்விடங்களில் சவரம் செய்பவர்கள் முதல்நாள் இரவில், வெதுவெதுப்பான நீரில் குளித்து மயிர்க்கூச்சு அடங்கிய பின் செய்ய வேண்டும்; வாசனைத் திரவியங்களை மறுநாள்வரை தள்ளிப்போட வேண்டும். அக்குள் மயிர் பல திசைகளில் வளர்வதால் மேலும் கீழும் பக்கவாட்டிலும் மெல்ல வெட்டுவதே வழி.

கோவிலில் குழந்தைக்கு முடி இறக்கும்போதும், கருமாதியில் தலையும் மீசையும் மழிக்கும்போதும் ஒரே கத்தி பல தலைகளுக்குச் செல்வது உண்டு. ஒவ்வொருவருக்கும் புதுப் பிளேட் என்பதைக் குடும்பத்துப் பெரியவர்களே முன்கூட்டிச் சொல்லி வைக்கலாம். மழித்த தலையில் சந்தனம் பூசினால், பொடிப்பொதியை விட வீட்டில் இழைத்த சந்தனம் பாதுகாப்பானது. பொதியில் வாசனையும் நிறமும் சேர்க்கப்பட்டிருக்கலாம்.

எப்போது வைத்தியரிடம் செல்ல வேண்டும்?

சிவப்பு வேகமாகப் பரவுதல், காய்ச்சல், கண்ணை நோக்கிச் செல்லும் வீக்கம், கழுத்தில் நெறி கட்டுதல் ஆகியவற்றில் எது தோன்றினாலும் அன்றே செல்ல வேண்டும். நீரிழிவு உள்ளவர்கள் சிறு சீழ்க் கொப்புளத்தையும் பொருட்படுத்த வேண்டும். மயிர் கழன்று வரும் திட்டு, இரண்டு வாரத்தில் ஆறாத புண், தடித்து வளரும் தழும்பு ஆகியவற்றுக்குத் தோட்ட வைத்தியசாலையில் காட்டி, தோல் நோய்க் கிளினிக்குக்குக் கடிதம் கேட்கலாம். கண்டி, பதுளை போன்ற இடங்களின் பெரிய அரச வைத்தியசாலைகளில் இச்சேவை இலவசம். போகும்போது இதுவரை பூசிய எல்லாக் குழம்புகளின் குழாய்களையும், காலியானவை உட்பட, எடுத்துச் செல்ல வேண்டும். செல்வதற்கு முன் ஓரிரு நாள் சவரம் செய்யாமல் விட்டால் வைத்தியரால் மயிரையும் புண்ணையும் உள்ளபடி பார்க்க முடியும். பூஞ்சணம் சந்தேகிக்கப்பட்டால் பரிசோதனைக்குச் செதிலும் மயிரும் எடுக்க வேண்டியிருக்கும் என்பதால் அன்று காலை எந்தக் குழம்பும் பூசாமல் போவதும் அவசியம்.